பூ அல்லாத பூ



பழைய நாட்டு மருந்துக் கடை ஒன்றில் மதனகாமப்பூ கேட்டேன். அண்ணாச்சி ஒரு டப்பாவைத் திறந்து கையளவு எடுத்துக் காகிதத்தில் வைத்தார். இதழ் இல்லை, வாசனை இல்லை. பழுப்பு நிறத்தில், ஆப்பு மாதிரி, கட்டை போன்ற செதில்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கசகசாவைத் தூவி ஒட்டியது போலப் பொடி முத்துகள், வாய் பிளந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல்.

"இதுல பூ எங்க அண்ணாச்சி?"

"பேருதான் தம்பி பூ. ஆம்பளைங்க லேகியத்துக்கு வாங்குவாங்க."

அண்ணாச்சி சொன்னது தாவரவியலுக்கும் பொருந்தும். அது பூவே அல்ல. பூக்கும் செடிகள் உலகில் தோன்றுவதற்கு முன்பே கிளைத்துவிட்ட ஒரு குலத்தின் ஆண் கூம்பு. அந்தப் பொடி முத்துகள் மகரந்தப் பைகள். பங்களா வாசலில் தொட்டியில் நிற்குமே, கல்யாண மேடை அலங்காரத்துக்கு ஓலையை வெட்டுவார்களே, அந்த சைகஸ்தான் குலம். கடைச் சரக்கு பெரும்பாலும் மேற்கு மலை ஈரத்தில் வளரும் உறவினுடையது. நான் இன்று சொல்ல வந்தது வறண்ட காட்டில் வாழும் இன்னோர் உறவைப் பற்றி. இருப்பிடம், ஏழுமலையான் குடியிருக்கும் சேஷாசலம்.

பெயர் சைகஸ் பெடோமி. ரிச்சர்ட் ஹென்றி பெடோம் பட்டாளத்துக்கு வந்து காட்டிலாகாவுக்கு மாறியவர். 1860 முதல் 1882 வரை சென்னை மாகாணக் காடுகளின் தலைமை அதிகாரி. பெரணிகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார், பாம்பும் பல்லியும் சேகரித்தார். லண்டன் கியூ தோட்டத்துத் திசல்டன் டையர் 1883இல் இந்தச் செடிக்கு அவர் பெயரைச் சூட்டினார். அப்போது திருப்பதி வட ஆற்காடு ஜில்லா. 1911இல் சித்தூர் ஜில்லாவுக்குப் போனது, 2022இல் தனி மாவட்டமே ஆனது. ஜில்லா இரண்டு முறை மாறியும் செடி அதே சரிவில்தான் நிற்கிறது.

உள்ளூர்த் தெலுங்கில் இதைப் பேரீத என்கிறார்கள். ஈத என்றால் ஈச்சை. தூரத்திலிருந்து பார்த்தால் ஈச்சங்கன்று என்றுதான் யாரும் நினைப்பார்கள். அடிமரம் பெரும்பாலும் முழங்கால் உயரம், எப்போதாவது ஆளுயரம். மண் குறைந்த பாறைச் சரிவு, வெயிலில் காயும் புல், கோடையில் காட்டுத் தீ. தீ வந்தால் ஓலை பொசுங்கும், அடிமரம் கரியாகும். ஆனால் பழைய ஓலைக்காம்புகளின் அடிகள் கவசம் போலச் சுற்றியிருப்பதால் உள்ளே உயிர் இருக்கும். பிறகு உச்சியிலிருந்து ஒரே வீச்சில் புது ஓலைகள் கிளம்பும். குருத்தில் ஒவ்வொரு சிற்றிலையும் கைக்கடிகாரச் சுருள்வில் மாதிரி சுருண்டிருக்கும். கரிந்த கட்டையின் தலையில் அந்தப் பச்சையைப் பார்ப்பது தனி அழகு.

தீயைத் தாங்கும் செடிக்கு அரிவாளைத் தாங்க முடியவில்லை. இந்தக் குலத்தில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆணின் உச்சியில் கூம்பு. பெண்ணின் உச்சியிலோ ஓலையே உருமாறியது போன்ற மடல்கள், அவற்றின் ஓரத்தில் விதைகள். மருந்துக்காக இதன் ஆண் கூம்பை வெட்டி எடுப்பவர் செடியைக் கொல்வதில்லை. "செடி அப்படியேதானே இருக்கு" என்று அவர் சொன்னால் அது பொய்யும் அல்ல. ஆனால் பக்கத்துச் சரிவில் நிற்கும் பெண் செடிக்கு அந்த ஆண்டு மகரந்தம் இல்லை. மெதுவாக வளரும் இனத்தில் இப்படிப் பல ஆண்டுகள் போனால், கிழச்செடிகள் நிற்கும், கன்று இருக்காது. ஆண்மைக்கு மருந்து என்று சொல்லி ஒரு செடியின் ஆண்மையை அறுத்து விற்கிறோம். மருந்தாவது நிச்சயமா என்றால், சைகஸ் குலத்துச் செடிகளில் கல்லீரலைக் கெடுக்கும் சைகசின் என்ற நஞ்சு உண்டு என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் முதன்முறையாகச் செடிகளுக்கும் இடம் கொடுத்தபோது, நாடு முழுவதற்கும் சேர்த்து ஆறே பெயர்கள்தான் பட்டியலில் ஏறின. அதில் ஒன்று இது. பறிப்பதும் பிடுங்குவதும் விற்பதும் குற்றம். சைட்டஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் மற்ற சைகஸ் இனங்கள் எல்லாம் இரண்டாம் பட்டியலில் இருக்க, இது ஒன்று மட்டும் கடும் தடையுள்ள முதல் பட்டியலில் இருக்கிறது. செம்மரம் வெட்டினால் செய்தியாகிறது. அதே காட்டில் இந்தக் குட்டைச் செடிக்கு அந்த யோகமும் இல்லை.

துணை இல்லாமல் போவதென்றால் என்னவென்று தென்னாப்பிரிக்காவில் ஒரு கதை இருக்கிறது. 1895இல் ஜான் மெட்லி வுட் என்பவர் ஜுலுலாந்துக் காட்டில் இதே வகையறாவைச் சேர்ந்த ஒரு புதிய செடியைக் கண்டார். ஒரே ஒரு தூறு, ஆண். பெண் செடியை இன்றுவரை யாரும் கண்டதில்லை. உலகத் தோட்டங்களில் இன்று நிற்பவை எல்லாம் அந்த ஒற்றை ஆணின் பக்கக் கன்றுகள். கூம்பு விடுகின்றன, மகரந்தமும் வருகிறது, போய்ச் சேர இடம் இல்லை.

சேஷாசலத்தில் ஆணும் பெண்ணும் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் அந்த மலைப் பக்கம் போகும்போது, பாறைச் சரிவில் ஈச்சங்கன்று போல ஒன்று தென்பட்டால் ஒரு சிற்றிலையை மட்டும் பாருங்கள். ஈச்சையின் சிற்றிலை வாய்க்கால் போல நீளவாக்கில் மடிந்திருக்கும். பேரீதயின் சிற்றிலை ஒடுங்கி, நடுவில் ஒரே நரம்போடு, ஓரம் இரண்டும் கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருக்கும். வெயிலில் நீரைக் காக்க அது செய்துகொண்ட ஏற்பாடு. இலையைப் பார்த்ததும் அப்படியே உச்சியையும் பாருங்கள். கூம்பா, மடலா என்று.