வினைச்சொல்லும் வீண்பழியும்



கிளாம்பாக்கத்தில் பேருந்திலிருந்து இறங்கியவர்களும் தாம்பரம் வழியாக மின்சார ரயிலில் வந்தவர்களுமாக வண்டலூரில் இந்த அவை நிறைந்திருக்கிறது. என்னிலும் மூத்த அறிஞர்கள் எதிரே அமர்ந்திருக்கத் தலைமையுரை ஆற்றுவது பெருமையாகவும் சற்றுப் பதற்றமாகவும் இருக்கிறது.

‘ஆங்கில வினைச்சொற்கள்: பொருளும் பயன்பாடும்’ என்பது நம் கருத்தரங்கின் கருப்பொருள். கூட்டுவினை, துணைவினை, அகராதிப் பொருள் ஆகியவற்றுக்குத் தனி அமர்வுகள் இருப்பதால் அவற்றைக் கட்டுரையாளர்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்கு ஒரு பழைய வழக்கைப் பேச வேண்டும்.

‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று மாணவர் எழுதினால் ‘தாய்மொழித் தாக்கம்’ என்று குறித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறோம். நான் மதிக்கும் நண்பர்கள் சிலரும் இதையே எழுதி வருகிறார்கள். அவர்கள் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று எந்தத் தமிழர் சொல்கிறார்? தெரியும், புரியும், பிடிக்கும், வேண்டும் என்றுதானே சொல்கிறோம்! தமிழ்தான் இழுத்தது என்றால், இந்த எதிர்கால வடிவத்தைப் பின்பற்றி மாணவர் ‘ஐ வில் நோ’ என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? தம்பிகளும் ‘இருக்கிறார்கள்’, ‘இருந்துகொண்டிருக்கிறார்கள்’ அல்ல. நிலையைக் குறிக்கும் இத்தகைய வினைகளுக்குத் தொடர்வடிவம் ஒவ்வாது என்பதில் இரு மொழிகளும் ஒரே கட்சி.

‘வருகிறேன்’ என்பது ஆங்கிலத்தின் இரண்டு நிகழ்கால வடிவங்களுக்கும் பொதுவாயிற்றே என்பார்கள். உண்மைதான். ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர வேண்டிய இடத்தில் மாணவரின் கை ஏன் ‘இங்’கையே நாடுகிறது? வகுப்பறையைப் பாருங்கள். 1950களின் இறுதியில் தொடங்கிய ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ திட்டம், 27,000 ஆங்கில ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்க முனைந்தது. அன்றைய கட்டமைப்பு முறை, செய்து காட்டக்கூடியதை முன்வைத்தது. கதவைத் திறந்து காட்டலாம், நடந்து காட்டலாம். அறிவதை எப்படிச் செய்து காட்டுவது? தொடர்வடிவம் முந்திக்கொண்டது, நாக்கில் ஊறியது. இப்பிழை அதற்கு முன்பும் இருந்தது, வட இந்தியாவிலும் இருக்கிறது. அப்படியென்றால் தமிழ்மேல் மட்டும் பழி எதற்கு?

நாம் கைவிட்ட ஓர் ஆதாரத்தையும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் கற்போருக்காக ஹார்ன்பியும் இரு துணையாசிரியர்களும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. எந்த வினை எந்த அமைப்பில் வரும் என்பதை 25 வாய்பாடுகளாக வகுத்துக் காட்டிய நூல் அது. நாமோ அதன் வழிவந்த பதிப்புகளைப் பொருள் பார்க்க மட்டுமே புரட்டுகிறோம். ‘டிஸ்கஸ் அபவுட்’ ஏன் தவறு என்பதற்கான விடை, பொருளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆசிரியப் பயிற்சியில் அந்த வாய்பாடுகளை அகராதியோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘தமிழின் தாக்கம்’ என்று எழுதியிருப்பவர்கள், அந்தப் பிழைக்குக் காரணமான தமிழ் வாக்கியத்தையும் பலகையில் எழுதிக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.