படத்துக்குக் கீழே என்ன எழுதப்போகிறோம்?

(கும்மிடிப்பூண்டியில் நடந்த இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஏப்ரலில் தலித் வரலாற்று மாதத்தையொட்டி நீங்கள் ஒரு புகைப்படக் கண்காட்சி வைக்கப்போகிறீர்கள். அதற்கான படங்களை எனக்கு அனுப்பியிருந்தீர்கள். மொத்தம் 40 படங்கள். எல்லாம் இந்த மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும், சிப்காட்டைச் சுற்றியிருக்கும் வாடகை அறைகளிலும் செல்போனில் எடுத்தவை. நன்றாக வந்திருக்கின்றன. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கூடவே ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். 40 படங்களில் 27 படங்கள் குழந்தைகளின் முகங்கள். புழுதி படிந்த கன்னம், பெரிய கண்கள். ஒரு படத்துக்குக் கீழேகூடப் பெயர் இல்லை. சூளை முதலாளி ஒரு படத்திலும் இல்லை. முன்பணம் எழுதிவைக்கும் நோட்டு ஒரு படத்திலும் இல்லை.

உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஜப்பானின் மிகப்பெரிய புகைப்படக்காரர்களில் ஒருவர் 70 ஆண்டுகளுக்கு முன்னால் இதே சிக்கலில் வந்து நின்றிருக்கிறார். அவர் பெயர் கென் டோமோன். அவருடைய வாழ்நாள் படங்களைத் தொகுத்து 2016-ல் ரோம் நகரிலும் 2023-ல் பாரிஸிலும் பெரிய கண்காட்சிகள் வைத்தார்கள். ஜப்பானிய எதார்த்தவாதத்தின் ஆசான் என்றுதான் இரண்டு ஊரிலும் அவரை அறிமுகப்படுத்தினார்கள். நாம் ரோமுக்கும் பாரிஸுக்கும் போகப்போவதில்லை. ஆனால் அந்தச் சுவர்களில் வரிசையாக என்னென்ன இருந்தன என்று தெரிந்துகொண்டால், ஏப்ரலில் நம் சுவரில் எதை மாட்டுவது என்று முடிவுசெய்ய உதவும்.

டோமோன் 1909-ல் வடக்கு ஜப்பானில் உள்ள சகாதா என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். 1935-ல் டோக்கியோவில் ஒரு புகைப்பட நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த நிறுவனம் ஜப்பானின் பெருமையை வெளிநாட்டுக்கு எடுத்துச்சொல்லும் பத்திரிகை ஒன்றை நடத்தியது. அணிவகுத்து நிற்கும் கடற்படைப் பயிற்சி வீரர்கள், கிளம்பத் தயாராக இருக்கும் செஞ்சிலுவைச் செவிலியர்கள் என்று அவர் அந்தக் காலத்தில் எடுத்த படங்கள் பார்க்க அழகானவை. அந்த அழகு போருக்குப் பயன்பட்டது. வாழ்நாள் கண்காட்சி என்பதில் இது ஒரு வசதி. ஒருவருடைய நல்ல படங்களை மட்டும் பொறுக்கிக் காட்ட முடியாது. இதே கைதான் அதையும் எடுத்தது என்று பக்கத்துச் சுவர் சொல்லிவிடும்.

போரில் ஜப்பான் தோற்ற பிறகு அவர் மாறினார். இனி எதையும் ஜோடிக்க மாட்டேன், யாரையும் இப்படி நில், அப்படிப் பார் என்று சொல்ல மாட்டேன் என்ற முடிவுக்கு வந்தார். 1950-களின் தொடக்கத்தில் ஒரு கேமரா இதழின் மாதாந்திரப் போட்டிக்கு நடுவராக இருந்து, நாடெங்கும் இருந்த சாதாரண இளைஞர்களைத் தெருவுக்குப் போய்ப் படமெடுக்கச் சொன்னார். அவர்களும் போனார்கள். போய் எதை எடுத்தார்கள் தெரியுமா? பிச்சைக்காரர்களை. தெருவோரக் குழந்தைகளை. கால் இழந்த முன்னாள் படைவீரர்களை. மாதாமாதம் அதே மாதிரிப் படங்கள் குவிந்தன. கடைசியில் விமர்சகர்கள் அந்த இயக்கத்துக்கே 'பிச்சைக்காரப் படங்கள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தக் கேலியில் மேட்டிமைத்தனம் இருந்தது. கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஏழை முகத்தை எடுப்பது சுலபம். அவரால் நம்மைத் தடுக்க முடியாது. 'எதுக்குப்பா எடுக்குற?' என்று அதிகாரத்தோடு கேட்க முடியாது. முதலாளி வீட்டு வாசலில் போனைத் தூக்கிப் பாருங்கள், காவலாளி ஓடி வருவார். நம்மிடம் 27 குழந்தை முகங்கள் சேர்ந்ததற்கும் முதலாளியின் ஒரு படம்கூட இல்லாததற்கும் காரணம் இதுதான்.

டோமோன் அதோடு நின்றுவிடவில்லை. குண்டு விழுந்து 12 ஆண்டுகள் கழித்து, 1957-ல் ஹிரோஷிமாவுக்குப் போனார். ஊர் மறந்துவிட்டது என்று நாடு நினைத்துக்கொண்டிருந்த நேரம். மருத்துவமனைகளில் தோல் ஒட்டும் அறுவைச் சிகிச்சையைப் படமெடுத்தார். அடுத்த ஆண்டு அது புத்தகமாக வந்தது.

1959 டிசம்பரில் சிக்குஹோவுக்குப் போனார். நம் பேச்சுக்கு மிக நெருக்கமான இடம் இது. தெற்கே கியூஷு தீவில் இருக்கும் நிலக்கரிப் பகுதி. ஜப்பான் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்தது. சிறிய சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. வேலை போனது, வரிசை வீடுகளும் மனிதர்களும் மிஞ்சினார்கள். அங்கே இரண்டு வாரம்போல இருந்து குழந்தைகளைப் படமெடுத்தார்.

அந்தப் படங்களை அவர் வெளியிட்ட விதம்தான் எனக்கு முக்கியம். பளபளப்பான தாளில் பெரிய புத்தகமாகப் போட்டிருக்கலாம். 1960-ன் தொடக்கத்தில் மட்டமான தாளில், 100 யென் விலையில் போட்டார். யார் வேண்டுமானாலும் வாங்கலாம், சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஒரு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதே ஆண்டு, அந்தக் குழந்தைகளில் தகப்பனைப் பறிகொடுத்த ஒரு சிறுமியைப் பற்றி அடுத்த புத்தகம் வந்தது. அந்தச் சிறுமியின் பெயரையே தலைப்பில் வைத்தார். முதல் புத்தகத்தில் 'குழந்தைகள்' என்ற கூட்டத்தில் ஒருத்தியாக இருந்தவள், இரண்டாவது புத்தகத்தில் பெயருள்ள ஆளானாள்.

பிறகு பக்கவாதம் அவரைத் தாக்கியது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே பழைய புத்தக் கோயில்களைப் படமெடுத்தார். 1979-ல் நினைவிழந்தார். நினைவு திரும்பாமலே 11 ஆண்டுகள் படுக்கையில் இருந்து 1990-ல் இறந்தார். இடையில் 1983-ல் சகாதாவில் அவருக்கென்று அருங்காட்சியகம் திறந்தார்கள்.

இதுவரை சொன்னது அவர் செய்தது. இனி, அவர் படங்களில் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

ஜப்பானில் புராக்குமின் என்றொரு சமூகம் இருக்கிறது. தோல் வேலை, இறந்த மாட்டை அறுக்கும் வேலை, சாவு தொடர்பான வேலை ஆகியவற்றைக் காரணம் காட்டித் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். 1871-ல் அரசாணை போட்டு அந்த இழிநிலையை ஒழித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒழியவில்லை. 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் கூடி 'சுய்ஹெய்ஷா' என்ற விடுதலை அமைப்பை அவர்களே தொடங்கினார்கள். மகத் குளத்தில் அண்ணல் தண்ணீர் எடுப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு. அந்தச் சமூகத்தினர் கணிசமாக வாழும் பகுதிகளில் ஒன்று, சிக்குஹோ இருக்கும் அதே ஃபுகுவோகா மாகாணம்.

இவர்களைப் படமெடுத்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அதே முகம், அதே மொழி, அதே உடை. பிறகு எப்படி ஒதுக்கினார்கள்? ஊர்ப் பெயரை வைத்து. 1975-ல் ஒரு ரகசியப் பட்டியல் அம்பலமானது. நாடு முழுவதும் உள்ள புராக்கு குடியிருப்புகளின் பெயர்களும் இருப்பிடங்களும் அதில் இருந்தன. வாங்கியவர்கள் யார்? பெரிய பெரிய நிறுவனங்கள். 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தன. வேலைக்கு விண்ணப்பிப்பவரின் முகவரியை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

சிப்காட்டில் வேலைக்குப் போயிருக்கும் தோழர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 'எந்த ஊரு?' என்பது முதல் கேள்வி. 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்பது இரண்டாவது கேள்வி. நமக்குப் பட்டியல் புத்தகம் அச்சடிக்க வேண்டியதில்லை. காலனி என்ற ஒரு சொல்லே பட்டியல்தான்.

வறுமை படத்தில் தெரியும். சாதி தெரியாது. சூளையில் நிற்கும் குழந்தையின் படம் 'பாவம்' என்று சொல்ல வைக்கும். அந்தக் குழந்தை ஏன் பெரும்பாலும் இருளர் வீட்டிலிருந்தோ, ஒடிசாவின் பழங்குடி, தலித் வீட்டிலிருந்தோ வருகிறது என்று படம் சொல்லாது. நாம் எழுதினால்தான் உண்டு. எழுதாமல் மாட்டினால் நாமும் பிச்சைக்காரப் படம் மாட்டியவர்கள் ஆவோம்.

கேமராவுக்கும் நமக்கும் பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பீர்கள். அங்கே கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் 7 தொகுதிகள் வெளியிட்டார். மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார்கள். படம் எடுத்தார்கள். படத்துக்குக் கீழே சாதியின் பெயர் இருந்தது, ஆளின் பெயர் இல்லை. இன்றைக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டு நம் பிள்ளைகளோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களே, அதில் சாதியின் பெயரும் போய்விட்டது, 'பயனாளி' என்று ஆகிவிட்டது. ஆளின் பெயர் இப்போதும் இல்லை.

இதற்கு எதிராக நம்மிடம் என்ன இருக்கிறது? நம் வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகத்தோடு அண்ணல் நிற்கிறார். யாரோ வந்து நம்மை எடுத்த படம் இல்லை அது. நாமே தேர்ந்தெடுத்து மாட்டிய படம். அந்தச் சுவரில் தொடங்கியதை இன்று கேமராவால் தொடர்பவர்கள் இருக்கிறார்கள். மீன் விற்கும் தாயின் மகனான மதுரைப் பக்கத்துப் பழனிகுமார், மலக்குழி மரணங்களைப் பேசிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். உழைக்கும் பெண்களைத் தொடர்ந்து படமெடுப்பவர், 2022-ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலில் பெற்றவர். தான் கற்றதை வைத்துக்கொள்ளாமல் தூய்மைத் தொழிலாளர்களின், மீனவர்களின் பிள்ளைகள் கையிலும் கேமராவைக் கொடுத்தார். வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் சொந்தக் குடும்பத்தையே படமெடுத்தார். ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கிய பொன்னுத்தாய் அவருடைய பாட்டி. அந்தப் படங்களில் பரிதாபம் தேட முடியாது. அது அவர் வீடு.

நம் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2020 மே மாதம், ஊரடங்கு நேரம். ஒரு செங்கல் சூளையில் ஒடிசா தொழிலாளர்கள் ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டதற்காக அடிக்கப்பட்டார்கள். அங்கே வேலை செய்த ஓர் இளம்பெண் செல்போனை எடுத்தார். காயங்களைக் காட்டும் செய்தி வாட்ஸ்அப்பில் ஊருக்குப் போனது. அங்கிருந்து பரவியது. அதிகாரிகள் வந்தார்கள். அந்தச் சூளையோடு நிற்காமல், மாவட்டத்தின் பல சூளைகளிலிருந்து 6,000-க்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். அந்தப் படத்தை எந்த அருங்காட்சியகமும் மாட்டப்போவதில்லை. டோமோன் 100 யென் புத்தகத்தில் எதை எதிர்பார்த்தாரோ, அதை அந்தப் பெண்ணின் போன் சில நாட்களில் செய்தது. அடிபட்டவர்களில் ஒருவரே எடுத்தார், யாருக்கு அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இதையெல்லாம் வைத்து, ஏப்ரல் கண்காட்சிக்கு நான்கு வேலைகள் சொல்கிறேன்.

ஒன்று. 40 படங்களையும் எடுத்துக்கொண்டு மறுபடி சூளைக்குப் போங்கள். படத்தில் இருப்பவர்களிடம் காட்டுங்கள். மாட்டலாமா என்று கேளுங்கள். குழந்தை என்றால் தாய் தகப்பனிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். 40 படம் 12 ஆனால் 12 மாட்டுவோம். பெயர் போட்டால் மேஸ்திரியால் தொல்லை வரும் என்று அவர்கள் நினைத்தால் பெயர் வேண்டாம். ஆனால் அதை முடிவு செய்பவர்கள் அவர்களாக இருக்கட்டும்.

இரண்டு. படத்துக்குக் கீழே கணக்கை எழுதுங்கள். எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள், ஆயிரம் கல் அறுத்தால் எவ்வளவு கூலி, வாரச் செலவுக்கு என்ன கொடுக்கிறார்கள், சீசன் முடிவில் என்ன மிஞ்சும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்புதான் என்று 1982-ல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது படத்துக்குப் பக்கத்தில் இருந்தால், பார்க்கிறவர் 'பாவம்' என்று சொல்லிவிட்டு நகர முடியாது. 'குற்றம்' என்று சொல்ல வேண்டி வரும்.

மூன்று. அந்தக் கீழ்க்குறிப்பைத் தமிழில் மட்டும் எழுதாதீர்கள். ஒடியாவிலும் எழுதுங்கள். உங்களோடு ஷிப்டில் நிற்கும் ஒடிசா தோழர்கள் எழுதித் தருவார்கள். படத்தில் இருப்பவர் தன் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாவிட்டால், அது தர்ஸ்டன் வேலைதான்.

நான்கு. சென்னையில் ஒரு நல்ல அரங்கு கிடைக்கும் என்று சொன்னீர்கள். வைப்போம். ஆனால் அதற்கு முன்னால் இங்கே வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சம்பளச் செலவுக்கு அவர்கள் சந்தைக்கு வருவார்கள், அங்கே கயிறு கட்டி மாட்டுங்கள். ஜூனில் மழைக்கு முன் சூளை மூடினால் குடும்பங்கள் ரயில் ஏறிவிடும். அதற்குள் அவரவர் படத்தை ஒரு பிரதி அச்சடித்து அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். பத்து ரூபாய் ஆகும். நான் 500 ரூபாய் தருகிறேன், மீதியை இங்கேயே வசூல் செய்வோம்.

அடுத்த ஞாயிறு யார் யார் சூளைக்குப் போகிறீர்கள் என்று கிளம்புவதற்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். நானும் வருகிறேன்.