ஊதியமில்லா விடுப்பும் கூட்டுப் பேர உரிமையும்



அமெரிக்காவின் கலிபோர்னிய மாநிலத்தில், நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, ஆளுநர் ஸ்வார்ஸ்நேகர் 2009 பிப்ரவரி முதல் அரசு ஊழியர்கள் மீது மாதம் இரண்டு நாள் ஊதியமில்லா விடுப்பைச் சுமத்தினார். ஜூலையில் அது மூன்று நாளாயிற்று. பெயர்தான் விடுப்பு; உண்மையில் ஏறத்தாழ 14 சதவீத ஊதிய வெட்டு. அங்கே 1977ஆம் ஆண்டிலேயே கூட்டுப் பேர உரிமை சட்டமாகியிருந்தது. எனினும் சங்கங்களின் ஒப்புதலின்றியே ஆணை பிறந்தது.

சங்கங்கள் வழக்காடின. 2010 அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம், தன்னிச்சையாக இவ்வாறு ஆணையிட ஆளுநருக்கு அதிகாரமில்லை என்றது. ஆனால் திருத்திய வரவுசெலவுத் திட்டத்தின் வழியே சட்டமன்றம் அதனை ஏற்றுவிட்டதால் விடுப்பு செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. வாதம் வென்றது, ஊதியம் திரும்பவில்லை.

நம் நாட்டில் 2020 ஏப்ரலில் ஒன்றிய அரசு அகவிலைப்படி உயர்வை முடக்கியது. 18 மாத நிலுவை வழங்கப்படவில்லை. 1966இல் தோன்றிய கூட்டு ஆலோசனை அமைப்பு இங்குண்டு. அதற்குச் சட்டத்தின் வலிமை இல்லை.

சட்டம் இருந்த இடத்திலேயே ஊதியம் பறிபோயிற்று. ஆகவே சட்ட உரிமைக்காகப் போராடுவோம்; வரவுசெலவுத் திட்டம் நிறைவேறிய பின் நீதிமன்றத்தை நம்பியிராமல், அதற்கு முன்பே மக்களைத் திரட்டுவோம்.