வாயைப் பெருசாக்கினேன், மூச்சு நின்னுபோச்சு

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "ப்ரோ, டூ ஸ்ட்ரோக்ல பவர் ஏத்த பெரிய கார்புரேட்டர் போட்டா போதுமா?" போதாது. எப்படித் தெரியும்னா, நான் போட்டுப் பார்த்தேன். அதுவும் அப்பாவோட ஆர்எக்ஸ் 100-ல.

98 சிசி, 11 குதிரைத்திறன். அப்பா வருஷக்கணக்கா வேலைக்குப் போன வண்டி. மண் ட்ராக்ல ஓட்டணும்னு கேட்டப்போ, சாவியைக் குடுத்துட்டு, "பார்த்துடா"ன்னு மட்டும் சொன்னார்.

நான் 26 மில்லிமீட்டர் கார்ப் வாங்கினேன். அது உட்காரணும்னு இன்டேக் மேனிஃபோல்டை நானே அரம் வச்சு ராவினேன். நேர் ரோட்டுல வண்டி பறந்துச்சு. ஆனா வளைவுல இருந்து வெளிய வர்றப்போ த்ராட்டில் கொடுத்தா இழுவையே இல்ல, அமுங்கிடுச்சு. மண்ணுல ஜெயிக்கிறதே அந்த இடத்துலதான். மூணாவது நாள் சாயங்காலம், முழு த்ராட்டில்ல பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கிச்சு. கிளட்ச் பிடிக்கிறதுக்குள்ள நான் கீழ கிடந்தேன். இன்ஜின் சீஸ்.

மெக்கானிக் அண்ணன் முதல்ல பிளக்கைக் கழட்டினார். சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. "தம்பி, இது பெட்ரோல் இல்லாம எரிஞ்சிருக்கு" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்கிடுறேன். பிஸ்டன் மேல போறப்போ கிராங்க்கேஸ்ல வெற்றிடம் உண்டாகும். ரீட் வால்வோட மெல்லிசான தகடுகள் திறந்து, காத்தும் பெட்ரோலும் உள்ள வரும். பிஸ்டன் கீழ வர்றப்போ தகடு மூடிக்கும். உள்ள வந்த கலவை திரும்பிப் போக முடியாம சிலிண்டருக்கு ஏறும். கார்ப் வாய் ரொம்பப் பெருசானா, குறைஞ்ச ஆர்பிஎம்ல காத்தோட வேகம் குறையும். பெட்ரோல் சரியா தூளாகாது. அதான் அந்த அமுக்கம்.

சீஸ் ஆனதுக்குக் காரணம் வேற. நான் ராவின முகம் சமமா இல்ல. கேஸ்கெட் ஓரமா காத்து திருட்டுத்தனமா உள்ள போயிருக்கு. டூ ஸ்ட்ரோக்ல ஆயில் பெட்ரோலோட கலந்துதான் வருது. என் வண்டியிலயும் டேங்க்லயே கலந்துதான் ஊத்துவேன். பெட்ரோல் குறைஞ்சா சூடு ஏறும், கூடவே ஆயிலும் குறையும். பிஸ்டனுக்கு ரெண்டு அடி ஒரே நேரத்துல.

அண்ணன் என்ன செஞ்சார்? பழைய கார்பையே திரும்ப மாட்டினார். மேனிஃபோல்டு முகத்தைச் சமமாக்கினார். ரீட் பிளாக்கை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார். தகட்டுக்கும் அடிக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சது. ஸ்டீல் தகட்டை எடுத்துட்டு ஃபைபர் தகடு போட்டார். மெல்லிசு தகடு கீழ இழுவை கொடுக்கும், ஆனா மேல ஆர்பிஎம்ல படபடக்கும். தடிச்ச தகடு நேர் எதிர். ஸ்டீல் உடைஞ்சு உள்ள போனா சிலிண்டரைக் கிழிச்சிடும். ஃபைபர் அந்த அளவுக்குச் சேதம் பண்ணாது.

நீங்க செய்யிறதா இருந்தா, ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க. ஐட்லிங்ல மேனிஃபோல்டு ஓரமா கார்ப் கிளீனர் லேசா அடிச்சுப் பாருங்க. ஆர்பிஎம் மாறினா அங்க லீக் இருக்கு. சூடான இன்ஜின்ல அடிக்கிறப்போ தீ ஜாக்கிரதை. மெயின் ஜெட்டைப் பெருசுல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. பிளக் காபி கலர்ல இருந்தா சரி, வெளுத்திருந்தா நிறுத்திடுங்க. இதெல்லாம் ட்ராக்குக்கு மட்டும்தான், ரோட்டுக்கு இல்ல.

சிலிண்டரை லேத்துல போர் பண்ணி, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டோம். வண்டி இப்போ வளைவுல இழுக்குது. டாப் ஸ்பீடு முன்ன மாதிரியேதான். அப்பா பில்லைப் பார்க்கல. சிலிண்டரைத் தடவிப் பார்த்துட்டு, "இன்னும் எத்தனை தடவை போர் பண்ணலாம்?"னு அண்ணன்கிட்ட கேட்டார்.

"ரெண்டு தடவைங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அவ்ளோதான்.

அடுத்த எபிசோடுல சைலன்சர் பத்திப் பேசுவோம்.