சிவப்பு விளக்கு அணையும் வரை



விமானத்தின் முதுகில் ஒன்று, வயிற்றில் ஒன்று என இரண்டு சிவப்பு விளக்குகள் உண்டு. விட்டுவிட்டு மின்னும் இவற்றுக்கு பீக்கன் என்று பெயர். ஜன்னலோரம் இடம் பிடித்த பயணியின் கண்ணில் இவை படுவதில்லை. கீழே காத்து நிற்கும் தரைப் பணியாளருக்கு இவைதான் முதல் பாடம். சிவப்பு மின்னுகிறதா? இன்ஜின் ஓடுகிறது, அல்லது ஓடப் போகிறது. கிட்டே போகக் கூடாது.

கேட்க எளிதான விதிதான். ஆனால் விமானம் வந்து நின்ற நொடியிலிருந்து எத்தனை பேர் அதை நோக்கி வர வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவர், இறக்கைகளைச் சுற்றி ஆரஞ்சு கூம்புகள் வைப்பவர், தரையிலிருந்து மின்சாரம் கொடுப்பவர், பெட்டி இறக்குபவர்கள், எரிபொருள் நிரப்புபவர், சாப்பாட்டு வண்டிக்காரர், கழிவறைத் தொட்டியைக் காலி செய்பவர். குறைந்த கட்டண விமானங்கள் பல, வந்து அரை மணி நேரத்துக்குள் மறுபடி கிளம்பியாக வேண்டியவை. பெட்டி வர ஐந்து நிமிடம் தாமதமானால் நாம் முகம் சுளிக்கிறோம். அந்த அவசரத்தில் நமக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

போயிங் 737-இன் இன்ஜின் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம்கூட இல்லாமல் தாழ்வாகத் தொங்குகிறது. விமானம் சும்மா நிற்கும்போது, மிகக் குறைந்த வேகத்தில் அது ஓடினாலே, முன்பக்கம் சுமார் 3 மீட்டர் தூரம் வரை ஆளை உள்ளே இழுத்துவிடும் அபாயம் உண்டு. விமானி வேகத்தைக் கூட்டினால் அந்த எல்லையும் விரியும். மழை பெய்து தரை ஈரமாக இருக்கும் நாளில், தண்ணீர் மெல்லிய சுழலாக எழுந்து இன்ஜினுக்குள் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மற்ற நாட்களில் அந்த இழுப்பு கண்ணுக்குத் தெரியாது. இன்ஜினின் நடு மூக்கில் வெள்ளை வண்ணத்தில் ஒரு சுருள் வரைந்திருப்பார்கள். அது அலங்காரத்துக்காக அல்ல. சுருள் சுழன்றால் இன்ஜின் ஓடுகிறது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக. காதில் ஒலித்தடுப்பு மாட்டியவருக்கு, சுற்றிலும் பல விமானங்கள் இரைந்துகொண்டிருக்கும் இடத்தில், எந்த இரைச்சல் எந்த இன்ஜினுடையது என்று பிரித்தறிய வழியில்லையே.

2022 டிசம்பர் 31, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மாண்ட்கோமரி விமான நிலையம். எம்ப்ரேயர் 170 ரக விமானம் ஒன்று வந்து நின்றது. விமானம் நிற்கும்போது மின்சாரம் தர வேண்டிய சிறிய துணை இன்ஜின் அதில் வேலை செய்யவில்லை. தரை மின்சாரம் இணைக்கும்வரை பெரிய இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் என்பது தரைக் குழுவுக்கு முன்கூட்டியே தெரியும். விமானம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு ஒருமுறை, வந்து சேருமுன் மறுமுறை எனக் கூடிப் பேசியிருந்தார்கள். இன்ஜின் நின்று, சிவப்பு விளக்கும் அணையும்வரை யாரும் நெருங்கக் கூடாது, கூம்பு வைக்கக் கூடாது என்பதும் அந்தப் பேச்சில் இருந்தது. துணை விமானி ஜன்னலைத் திறந்து, இன்ஜின் இன்னும் ஓடுகிறது என்று கீழே இருந்தவரிடம் சொன்னார். இவ்வளவுக்குப் பிறகும், வால் பக்கம் கூம்பு வைக்கப் போன பெண் பணியாளர் இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி நடந்து, இடது இன்ஜினுக்கு நேர் எதிரே வந்துவிட்டார். சக பணியாளர் கத்தியும் கையசைத்தும் பயனில்லை. விமானம் ஒரு குலுங்கு குலுங்கி, இன்ஜின் தானாக நின்றது.

இதில் விதி தெரியாதவர் யாரும் இல்லை என்பதுதான் உறுத்துகிறது. தினமும் செய்கிற வேலையில் கால்கள் பழகிய வழியில் போய்விடுகின்றன. விமானம் நின்றால் இன்ஜினும் நின்றுவிடும் என்று நூறு தடவை பார்த்துப் பழகிய கண், நூற்றோராவது தடவை அப்படி இல்லை என்பதைக் கவனிக்கத் தவறுகிறது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2015 டிசம்பர் 16 இரவு, மும்பையிலிருந்து ஹைதராபாத் கிளம்பிய ஏர்பஸ் 319 விமானத்தின் இன்ஜின், தரையில் நின்ற தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரின் உயிரைப் பறித்தது. தரையிலிருந்து வர வேண்டிய சைகை குறித்து விமானி அறையில் தவறான புரிதல் ஏற்பட்டதாக அப்போதே செய்தி வந்தது.

அந்தச் சைகை எவ்வளவு முக்கியம் என்பது விமானி அறையில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். மூக்குக்கு அடியில் நிற்பவர் விமானியின் கண்ணுக்குத் தெரியமாட்டார். வண்டி விமானத்தைப் பின்னோக்கித் தள்ளி முடித்ததும், ஹெட்செட் மாட்டியவர் முன்சக்கரத்தில் செருகியிருந்த ஊசியைக் கழற்றிக்கொண்டு, விமானி பார்க்கும் இடத்துக்கு நடந்து வருவார். சிவப்புத் துணி தொங்கும் அந்த ஊசியைத் தூக்கிக் காட்டி, கட்டைவிரலை உயர்த்துவார். விமானி பதில் சைகை தருவார். அதன் பிறகே விமானம் நகரலாம். அடுத்த முறை ஜன்னலோரம் உட்கார நேர்ந்தால் கவனியுங்கள், சில நொடிகளில் முடிந்துவிடும் காட்சி அது.

இன்ஜின் ஓடாவிட்டாலும் ஆபத்து ஓய்வதில்லை. 2019 ஜூலையில் கொல்கத்தாவில், நிறுத்தி வைத்திருந்த கியூ-400 விமானத்தின் சக்கரக் குழிக்குள் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், ஹைட்ராலிக் கதவுகள் மூடிக்கொண்டதில் சிக்கி இறந்தார். அதே விமான நிலையத்தில் 2015-இல் பயணிகள் பேருந்து ஒன்று, நின்றுகொண்டிருந்த ஏடிஆர் விமானத்தின் மீது மோதியது. நல்லவேளை, ஆளுக்குச் சேதமில்லை. பறப்புப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற சர்வதேச அமைப்பு ஒரு முறை போட்ட மதிப்பீட்டின்படி, உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 27,000 தரை விபத்துகள் நடக்கின்றன. அதாவது ஆயிரம் புறப்பாடுகளுக்கு ஒன்று.

இவற்றில் மிகப் பெரும்பாலானவை சின்ன இடிகள். ஏணி உரசியது, பெட்டி ஏற்றும் வண்டி மோதியது என்ற வகை. சின்னது என்பதாலேயே சொல்லாமல் விட்டுவிடும் ஆசை வரும். 2005 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அலாஸ்கா ஏர்லைன்ஸின் எம்டி-80 விமானத்தைத் தரை வண்டி ஒன்று உரசியது. ஓட்டியவர் யாரிடமும் சொல்லவில்லை. விமானம் கிளம்பி சுமார் 26,000 அடி உயரம் போனபோது, உரசிய இடம் பிய்ந்து ஓட்டை விழுந்தது. உள்ளே காற்றழுத்தம் இறங்கி, ஆக்சிஜன் முகமூடிகள் தொங்கின. விமானிகள் பத்திரமாகத் திருப்பி இறக்கிவிட்டார்கள்.

அது அலுமினிய விமானம். இடித்தால் நசுங்கும், நசுங்கினால் தெரியும். போயிங் 787, ஏர்பஸ் 350 போன்ற புதிய விமானங்களின் உடல் கார்பன் இழை கலந்த பொருளால் ஆனது. இடி வாங்கினால் மேல்பரப்பு மறுபடி பழையபடி இருக்கலாம், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஆகவே வண்டி தொட்டதோ இல்லையோ என்று சந்தேகம் வந்தாலே, பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். அவர் கருவி வைத்துப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை, தாமதம் எவ்வளவு ஆனாலும் விமானம் கிளம்பக் கூடாது.