இருபது கிரெயின் மருந்து

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு பாயின்ட் டூ டூ ரைஃபிள் பழக்கமானது. தரையில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, 25 மீட்டர் தள்ளி நட்ட அட்டையில் சுட்டிருப்பார்கள். நம்மில் பலருக்கு ரைஃபிள் அனுபவம் அதோடு சரி. இன்று நான் பேசப்போகும் குண்டின் பருமனும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அது பறக்கும் இடம் வேறு. தெற்கு டகோட்டா, வயோமிங், மான்டானா என்று விரியும் அமெரிக்கப் புல்வெளி. தூரம் இருநூறு, முந்நூறு கஜம். எதிரே பிரெய்ரி டாக்.

பெயரில்தான் நாய், உண்மையில் அது அணில் குடும்பம். மண்ணைக் குடைந்து வளை தோண்டி, ஊர் ஊராக வாழும். புல்லைத் தின்றுவிடுகிறது, வளையில் மாட்டின் கால் சிக்குகிறது என்பது மாட்டுப் பண்ணைக்காரர்களின் பழைய புகார். கிழக்கே பென்சில்வேனியா, நியூயார்க் பக்கத்து வைக்கோல் வயல்களில் இதே புகார் உட்சக் என்னும் பெருச்சாளிப் பருமனைத் தாண்டிய பிராணியின் மேல். இவற்றைத் தொலைவிலிருந்து சுடுவது அங்கே ஒரு தனிப் பழக்கமாக வளர்ந்தது. சுட்டதைப் பெரும்பாலும் தின்பதில்லை; சுவரில் மாட்டக் கொம்பும் கிடையாது. ஆகவே பேச்செல்லாம் குறியைப் பற்றியும் தோட்டாவைப் பற்றியும்தான். எண்பது, தொண்ணூறு ஆண்டுகளாக எந்தத் தோட்டா சிறந்தது என்ற வழக்கு அங்கே ஓயவே இல்லை. அந்த வழக்கில் என் கட்சி எது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தோட்டா என்பது நான்கு உறுப்புகள் சேர்ந்தது. பித்தளைக் கூடு, அடியில் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. குண்டையும் மருந்தையும் அவர்கள் கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். பதினைந்தரை கிரெயின் ஏறக்குறைய ஒரு கிராம். நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்குக் குண்டின் எடை ஏறக்குறைய இரண்டு முதல் மூன்றரை கிராம்தான். வித்தியாசம் கூட்டுக்குள் எவ்வளவு மருந்து பிடிக்கிறது என்பதில் இருக்கிறது.

முதலில் வந்தவர் ஹார்னெட். 1920-களின் இறுதியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையைச் சேர்ந்த சிலர், டவுன்சென்ட் வீலன் என்ற ராணுவ அதிகாரியும் அவர்களில் ஒருவர், கரிமருந்துக் காலத்துப் பழைய கூடு ஒன்றில் புது மருந்தை அடைத்துப் பார்த்தார்கள். வின்செஸ்டர் நிறுவனம் 1930-ல் அதைத் தயாரித்து விற்றது. வேடிக்கை என்னவென்றால், அதற்கென்று கடையில் துப்பாக்கி வருமுன்பே தோட்டா வந்துவிட்டது. சுமார் 11 கிரெயின் மருந்து. குண்டு வினாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஒலியின் வேகம் 340 மீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் குறைவு, உதைப்பும் குறைவு. குடியிருப்பை ஒட்டிய வயலுக்கு இன்றும் இதைவிட மரியாதையான தோட்டா இல்லை. ஆனால் நூறு கஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால், இருநூறு கஜத்தில் குண்டு அரை அடிக்கு மேல் இறங்கிவிடும். பிராணி நின்றால் உயரமே ஒரு முழம் தேறாது. ஆக, 150 கஜத்தோடு ஹார்னெட்டின் எல்லை முடிகிறது.

இந்தக் குறையைத் தீர்க்க வின்செஸ்டர் 1935-ல் எதிர்ப்பக்கம் பாய்ந்தது. .220 ஸ்விஃப்ட். 48 கிரெயின் குண்டு, வினாடிக்கு 1,250 மீட்டர். அடிக் கணக்கில் நாலாயிரத்தைத் தாண்டிய முதல் கடைத் தோட்டா அது. முந்நூறு கஜம் வரை குண்டு கோடு போட்டாற்போல் போகும் என்றார்கள். பெரிய பொய்யும் இல்லை. விலை எங்கே கொடுக்க வேண்டியிருந்தது என்றால், குழலில். நாற்பது கிரெயினை நெருங்கும் மருந்து அந்தச் சிறு துளை வழியே எரிந்து வெளியேறும்போது குழலின் தொண்டை அரித்துப்போகிறது. அந்தக் காலத்து எஃகு அதைத் தாங்கவில்லை. குழல் தின்னி என்ற கெட்ட பெயர் ஸ்விஃப்ட்டுக்கு நிலைத்துவிட்டது.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். ஹார்னெட்டிலிருந்து ஸ்விஃப்ட்டுக்குப் போகும்போது மருந்து மூன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. வேகம் ஒன்றரை மடங்குதான். வினாடிக்குக் கடைசி நூறு மீட்டர் வேகத்துக்குத்தான் மருந்தும் சூடும் தேய்மானமும் கொள்ளை போகின்றன. இந்தக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டவர் என்று நான் மதிப்பது ரெமிங்டன் நிறுவனத்தின் பொறியாளர் மைக் வாக்கரை.

1950-ல் வந்தது அவருடைய .222 ரெமிங்டன். பழைய கூடு எதையும் நெளித்து வளைத்துச் செய்ததல்ல, புதிதாகவே வரைந்தார். மருந்து இருபது கிரெயின்தான், சற்று முன்பின். 50 கிரெயின் குண்டு, வினாடிக்கு 957 மீட்டர். ஹார்னெட்டுக்கும் ஸ்விஃப்ட்டுக்கும் நடுவே நிற்கிற எண். ஆனால் அது சமரசத்தில் பிறந்த எண் அல்ல. கூட்டின் நீளம், தோளின் சரிவு, குண்டைப் பற்றும் கழுத்து எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியதால், எந்த மருந்தை அடைத்தாலும், சுமாரான துப்பாக்கியில் போட்டாலும், குண்டுகள் ஒரே இடத்தைத் தேடிப் போயின. மேசையில் துப்பாக்கியைத் தாங்கி வைத்து, ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் விழுகிறதா என்று பார்க்கும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகள் அமெரிக்காவில் உண்டு. அந்த மேசையை ஏறக்குறைய கால் நூற்றாண்டு .222 ஆண்டது. 1970-களின் நடுவில் பிபிசி (PPC) என்ற குட்டையான, தடித்த தோட்டா வந்த பிறகே அது இறங்கியது.

இதைச் சாதித்த தோட்டா தோற்றது எப்படி? துல்லியத்தில் தோற்கவில்லை, சந்தையில் தோற்றது. அமெரிக்க ராணுவம் எம்-16 துப்பாக்கிக்கு எடுத்துக்கொண்டது .222-ன் நெருங்கிய உறவான சற்றே நீண்ட கூட்டை. 1964-ல் அது .223 ரெமிங்டன் என்று கடைக்கு வந்தது. ராணுவம் சுட்டுப்போட்ட பித்தளைக் கூடு மலிவாகக் கிடைக்கும்போது, வேகமும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்போது, யார் தம்பியை விட்டு அண்ணனைத் தேடிப் போவார்கள்? ராணுவத் தோட்டாக்களைப் பொதுமக்கள் வைத்திருக்க நெடுநாள் கட்டுப்பாடு இருந்த பிரான்சு போன்ற நாடுகளில்தான் அண்ணனுக்கு வாழ்வு நீடித்தது.

வேகப் பிரியர்கள் சும்மா இருக்கவில்லை. சார்லஸ் நியூட்டன் 1915-ல் சாவேஜ் நிறுவனத்துக்காக வடிவமைத்த .250 தோட்டாவின் கழுத்தை .22-க்கு ஒடுக்கி, வீட்டுப் பட்டறைகளில் 1930-களிலேயே ஒன்று செய்து வைத்திருந்தார்கள். அதுதான் .22-250. தாமே கூடு ஒடுக்கி, தாமே மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். பிரௌனிங் நிறுவனம் 1963-ல் இதற்குத் துப்பாக்கி விற்றபோது கடையில் தோட்டா கிடையாது. ஹார்னெட் கதை அப்படியே தலைகீழ். ரெமிங்டன் 1965-ல் தோட்டாவையும் செய்து கொடுத்தது. 55 கிரெயின் குண்டு, வினாடிக்கு 1,120 மீட்டர். ஸ்விஃப்ட்டின் பலன் ஏறக்குறைய முழுதும் உண்டு, கெட்ட பெயர் மட்டும் ஒட்டவில்லை. ஆனாலும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் சுடுகிற புல்வெளியில் இதன் குழல் கைவைக்க முடியாதபடி கொதிக்கும். விவரமானவர்கள் இரண்டு துப்பாக்கியை மாற்றி மாற்றி எடுப்பார்கள்.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1971-ன் .17 ரெமிங்டன் பெரும் வேகம். ஆனால் ஊசித்துளை போன்ற குழலில் செம்புக் கசடு படியும், சுத்தம் செய்து மாளாது. 2002-ன் .17 எச்எம்ஆர் மலிவானது, சாதுவானது, 150 கஜத்துக்கு இனிது. 2004-ன் .204 ருகர்தான் இவற்றில் மெய்யான முன்னேற்றம். 32 கிரெயின் குண்டு ஸ்விஃப்ட்டைவிட வேகமாகப் போகிறது, உதைப்போ மிகக் குறைவு. அதனால் குண்டு எங்கே விழுந்தது என்பதை துப்பாக்கியின் குறிநோக்கியான ஸ்கோப்பிலேயே பார்த்துவிடலாம்.

இந்தத் தோட்டாக்கள் பறக்கும் புல்வெளியில் மரமில்லை, காற்று ஓய்வதில்லை. மணிக்குப் பத்து மைல் குறுக்குக் காற்று .223 குண்டை முந்நூறு கஜத்தில் ஓர் அடியாவது ஒதுக்கித் தள்ளும். பிராணியின் அகலமோ உள்ளங்கை அளவு. .22-250 எடுத்துப் போனாலும் இரண்டு, மூன்று அங்குலம்தான் லாபம். மீதி முழுவதையும் சுடுபவரின் கண் ஈடுகட்ட வேண்டும். புல் சாய்வதையும் தூசி நகர்வதையும் பார்த்து எவ்வளவு ஒதுக்கிப் பிடிப்பது என்று தீர்மானிப்பதுதான் இந்தக் கலையின் உயிர். அதைக் கற்காதவர் கையில் ஸ்விஃப்ட் இருந்தால், காயம்பட்ட பிராணி வளைக்குள் புகுந்து சாகும். எனக்கு அது கலையாகத் தெரியவில்லை.

குண்டைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். மெல்லிய செம்பு உறை, உள்ளே ஈயம். குழலின் திருகுவரி கொடுக்கும் சுழற்சி நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றைத் தாண்டும். பட்டவுடன் சிதறிவிடும், தரையில் மோதித் தெறித்து வேறெங்கோ போவது குறைவு. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் அந்த ஈயத் துகள் உடலில் தங்குகிறது. கிடக்கும் உடலைத் தின்ன வருவது கழுகும் பருந்தும். ஈயக் குண்டால் வேட்டையாடுவதை கலிஃபோர்னியா 2019 ஜூலையிலிருந்து முழுமையாகத் தடைசெய்தது. செம்பால் மட்டுமே செய்த குண்டு அதே எடையில் நீளமாக இருக்கும். நிலையாகப் பறக்க நெருக்கமான திருகுவரி வேண்டும். பழைய .222, .22-250 குழல்களில் திருகு தளர்வு. ராணுவத்தின் நீளக் குண்டுகளுக்காகத் திருகை இறுக்கிக்கொண்ட .223-க்கு இது இயல்பாகவே கைகூடுகிறது.

சுடவே கூடாத இடமும் உண்டு. பிரெய்ரி டாக்கையே நம்பி வாழும் கருங்கால் ஃபெரட் என்ற கீரிபோன்ற பிராணி அழிந்தேவிட்டது என்று நினைத்திருந்தார்கள். 1981-ல் வயோமிங்கின் மீட்டீட்ஸி அருகே ஒரு பண்ணை நாய் அதன் உடலை வாயில் கவ்விக்கொண்டு வந்த பிறகுதான் மிச்சமிருப்பது தெரிந்தது. இன்று அதை மீண்டும் குடியேற்றியுள்ள தெற்கு டகோட்டாவின் கொனாட்டா பேசினில் பிரெய்ரி டாக்கைச் சுட அனுமதி இல்லை. நியாயமான தடை. தொல்லை என்பது வயலுக்கு வயல் மாறும்.

என் தீர்ப்பு இது. வடிவமைப்பின் அழகுக்கு .222-க்கு இணையாக இந்தக் கூட்டத்தில் எதுவுமில்லை. வீட்டருகே சுட வேண்டியவர் ஹார்னெட்டோடு நிற்கலாம். இன்று புதிதாக ஒன்று வாங்குகிறவருக்கு நான் சொல்வது இறுகிய திருகுவரி கொண்ட .223, அதில் செம்புக் குண்டு, எல்லை 250 கஜம். அதற்கு மேல் போக ஆசைப்படுகிறவர் .22-250 வாங்கட்டும், ஆனால் முதல் கோடை முழுவதும் அட்டையில் மட்டும் சுட்டுக் காற்றைப் படிக்கட்டும்.