பயிற்சி இருக்கிறது, கைமுதல் எங்கே?

(ஜிந்துப்பிட்டியில் தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"அரசாங்க வேலைக்குக் காத்திருக்காதீர்கள், சொந்தத் தொழில் தொடங்குங்கள்" என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். பயிற்சி வைத்துச் சான்றிதழும் கொடுக்கிறார்கள். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இதைப் பாடமாகவே கற்பிக்கிறது. கொழுந்து பறித்துப் பிள்ளையைப் படிக்கவைத்த தாய்க்கு ஒரே கேள்விதான்: பயிற்சியால் பிள்ளை கரைசேருமா?

துனீசியா நாட்டில் இதைச் சோதித்தார்கள். 2009-2010 கல்வியாண்டில் இறுதி வருட மாணவர்கள் ஆய்வுக் கட்டுரைக்குப் பதிலாகத் தொழில் திட்டம் எழுதலாம் என்று சொல்லி, பயிற்சியும் வழிகாட்டலும் கொடுத்தார்கள். பட்டம் பெற்று ஒரு வருடத்தில், பயிற்சி கிடைக்காதவர்களைவிட நூற்றுக்கு ஒருவர் முதல் நான்கு பேர் வரைதான் கூடுதலாகச் சொந்தத் தொழிலுக்குப் போனார்கள். நான்கு வருடம் கழித்து அந்த வித்தியாசமும் இல்லை.

நம் நாட்டிலும் ஓர் ஆய்வு நடந்தது; மாணவர்களிடம் அல்ல, கொழும்பு, கண்டிப் பகுதிப் பெண்களிடம். முடிவு 2014-இல் வெளிவந்தது. ஏற்கெனவே தொழில் செய்த பெண்களுக்கு, சர்வதேச தொழில் அமைப்பின் பயிற்சி மட்டும் கொடுத்தபோது இலாபம் கூடவில்லை. பயிற்சியோடு 15,000 ரூபாய் மானியமும் கொடுத்தபோது கூடியது. அதுவும் இரண்டாம் வருடத்தில் மங்கிவிட்டது. புதிதாகத் தொடங்க விரும்பிய பெண்களைப் பயிற்சி சீக்கிரம் தொடங்கவைத்தது; தொடங்கியவர்களின் இலாபத்தையும் உயர்த்தியது. ஆனால் இரண்டு வருடத்தில், தொழில் செய்பவர்களின் எண்ணிக்கை பயிற்சி பெறாதவர்களிடமும் அதே அளவுக்கு வந்துவிட்டது.

ஆகவே பயிற்சி வீண் அல்ல. அது மட்டும் போதாது.

புறக்கோட்டைக் கடைகளில் நிற்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பாருங்கள். சரக்கு தெரியும், விலை தெரியும், வாடிக்கையாளரைத் தெரியும். இருந்தும் பலருக்குச் சொந்தக் கடை இல்லை. வங்கி பிணை கேட்கும். லயத்து அறைக்கு உறுதி இல்லை. கைமுதல் இல்லாதவனைப் பார்த்து "முயற்சி போதாது" என்று சொல்வது நியாயமா?

பிள்ளைகளே, பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள். கணக்கு எழுதவும் விலை போடவும் படியுங்கள். சேருவதற்கு முன் கேளுங்கள்: முடிந்தபின் கைமுதலுக்கு வழி உண்டா? எத்தனை மாதம் எங்களோடு இருப்பீர்கள்?

பெற்றோரே, சேமலாப நிதிப் பணம் முழுவதையும் ஒரே தடவையில் கடையில் போடாதீர்கள். சிறிதாகத் தொடங்கட்டும்.

சங்கம் கேட்க வேண்டியவை மூன்று: காணி உறுதி, பிணையில்லாக் கடன், தொழில் ஊன்றும்வரை வழிகாட்டல். சம்பளத்துக்குக் குரல் கொடுத்தது போலவே இதற்கும் ஒன்றாகக் குரல் கொடுப்போம்.